அத்தியாயம் 7: வாரிய வீட்டில் உரிமை மீறலா? கண்டுகொள்வதும் புகார் கொடுப்பதும்

கண்ணகி நகர், எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம், தையூர், கீரப்பாக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் வீடு இழந்த குடும்பங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் அடுத்தடுத்துக் கொண்டுவரப்பட்ட இடங்கள் இவை. 2025 மே மாதம் தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் அகற்றப்பட்டபோதும் இதே தெற்குப் புறநகரில்தான் மாற்று வீடு ஒதுக்கினார்கள். வீட்டை ஒதுக்குவது 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். 2021-இல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. குடியிருப்பவர்களுக்கு இன்றும் அது ‘போர்டு’தான்.

இந்தக் குடியிருப்புகளில் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர்கள் நிறையப் பேர். ஆனால் நடந்தது உரிமை மீறலாக இருந்தாலும், மனுவில் அது ‘லிஃப்ட் ஓடவில்லை’, ‘தண்ணீர் வரவில்லை’ என்று வெறும் குறையாகவே எழுதப்படுகிறது. குறையாக எழுதினால் குறையாகவே முடித்துவைப்பார்கள். உரிமை மீறல் என்று எழுதினால் சட்டம் வேறு, போகும் அலுவலகம் வேறு, காலக்கெடுவும் வேறு. அந்த வித்தியாசத்தைக் கண்டுகொண்டு புகாரைக் கடைசிவரை கொண்டுபோவதற்கான வழி இந்த அத்தியாயத்தில் இருக்கிறது.

முதலில்: குறையா, உரிமை மீறலா?

நடந்ததை மூன்று கேள்விகளால் சோதித்துப் பாருங்கள்.

1. எல்லோருக்கும் நடந்ததா, எங்களுக்கு மட்டுமா? பிளாக் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்றால் அது குறை. சாதி, மதம், ஊனம், பாலினம் பார்த்து ஒரு வீட்டுக்கு மட்டும் மறுத்தால் உரிமை மீறல்.
2. செய்தவர் அரசு ஊழியரா? வாரிய ஊழியர், காவலர், ரேஷன் கடைக்காரர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோர் செய்ததையும், கடமையிருந்தும் செய்யாமல் விட்டதையும் மனித உரிமை ஆணையம் விசாரிக்கலாம்.
3. எழுத்தில் ஆணை உண்டா? வீட்டைப் பூட்டுவது, ஒதுக்கீட்டை ரத்து செய்வது, பொருளை வெளியே எடுத்துவைப்பது எதுவானாலும் எழுத்தில் ஆணையும், நம் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் வேண்டும். வாய்மொழியாகச் செய்திருந்தால் அதுவே புகாரின் முதல் வரி.

ஒரு கேள்விக்காவது பதில் மீறல் பக்கம் சாய்ந்தால் மேற்கொண்டு படியுங்கள். மூன்றும் குறைதான் என்றால் முதல்வரின் முகவரி எண் 1100-இல் பதிந்து, பதிவு எண்ணை வாங்கிக்கொண்டால் போதும்.

குறிப்பு: அமெரிக்காவில் வீட்டு விஷயத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 1968 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரே சட்டம் கிடையாது. நடந்தது என்ன வகை என்று பார்த்து, அதற்கான சட்டத்தை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த பகுதி அதற்காக.

அடிக்கடி நடக்கும் ஆறு மீறல்கள்

1. சாதி சொல்லித் திட்டுவது, தண்ணீரைத் தடுப்பது, காலி செய்ய வைப்பது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர், செய்தவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவர் என்றால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது, பொதுத் தண்ணீரைத் தடுப்பது, வீட்டைவிட்டுப் போகும்படி நிர்ப்பந்திப்பது எல்லாம் குற்றம். திட்டு பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் வேறு யாரும் இல்லாதபோது நடந்தது இந்தப் பிரிவில் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. மாடிப்படி, லிஃப்ட் வாசல், தண்ணீர்த் தொட்டி அருகே நடந்திருந்தால் அங்கே நின்றவர்களின் பெயர்களை அன்றைக்கே குறித்துவையுங்கள்.

2. மாற்றுத்திறனாளிக்கு மேல்மாடி. பெரும்பாக்கத்து அடுக்குகள் எட்டுத் தளம் கொண்டவை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஆறாவது மாடி ஒதுக்கி, லிஃப்ட்டும் நாள்கணக்கில் நின்றால் அவர் வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடும் அதில் உண்டு. தரைத்தளத்துக்கு மாற்றிக் கேட்பது சலுகை கேட்பதாகாது, மனுவில் ‘கருணை கூர்ந்து’ என்று எழுத வேண்டாம்.

3. பள்ளியில் சேர்க்க மறுப்பது. பள்ளி ஆண்டின் நடுவில் குடும்பங்களை இடம் மாற்றும்போது முதலில் அடிபடுவது பிள்ளைகளின் படிப்பு. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை, டி.சி. வரவில்லை, ஆண்டு பாதி முடிந்துவிட்டது என்ற காரணங்களைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்க 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை.

4. ரேஷன் மறுப்பது. ‘உங்கள் கார்டு சிட்டி கார்டு, அங்கேயே போய் வாங்குங்கள்’ என்ற பதில் செல்லாது. முகவரி மாற்றாத கார்டுக்கும் வேறு கடையில் பொருள் வாங்கும் வசதி உண்டு. மறுத்தால் 1967-க்கு அழையுங்கள்.

5. ‘கண்ணகி நகர் பையன்’ என்று பிடித்துக்கொண்டு போவது. முகவரியைப் பார்த்தே சந்தேகப்படுவதும், இரவில் பையன்களை வரிசையில் நிற்கவைப்பதும் இங்குள்ள தாய்மார்களுக்குப் பழகிப்போன கதை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பின் விடியும்வரை பெண்ணைக் கைது செய்வதற்கு விதிவிலக்கான சூழல் வேண்டும், அப்போதும் பெண் காவலர் இருக்க வேண்டும், முன்கூட்டியே மாஜிஸ்திரேட் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும்.

6. திருநங்கைகளையும் தனித்து வாழும் பெண்களையும் துரத்துவது. திருநர் ஒருவரை வீட்டைவிட்டோ வசிப்பிடத்தைவிட்டோ போக வைப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டிருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

எச்சரிக்கை: ‘15 நாள் நோட்டீஸ் இல்லாமல் எந்த வீட்டையும் இடிக்க முடியாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த அந்தத் தீர்ப்பிலேயே சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள கட்டடங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. எந்தச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் வந்திருக்கிறது என்று பார்த்து, அதில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுத்துவிட்டு, அன்றே இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

புகார் கொடுப்பது எப்படி: எட்டுப் படிகள்

படி 1. உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அழைப்பு. காவல் 112, பெண்கள் 181, குழந்தைகள் 1098, முதியோர் 14567, வன்கொடுமை உதவி எண் 14566. அழைத்த நேரத்தை எழுதிவையுங்கள். அழைப்புப் பதிவை அழிக்காதீர்கள்.

படி 2. அன்றே நாட்குறிப்பு. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, நேரம், பிளாக் எண், தளம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள். சொன்ன வார்த்தையை நாகரிகமாக மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். ‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று எழுதினால் வழக்கு அங்கேயே வலுவிழந்துவிடும்.

படி 3. ஆவணக் கட்டு. ஒதுக்கீட்டு ஆணை, பணம் கட்டிய ரசீதுகள், பராமரிப்புக் கட்டண ரசீது, ரேஷன் கார்டு, ஆதார், சாதிச் சான்று அல்லது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை எந்த அலுவலகத்திலும் கொடுக்க வேண்டாம். காட்டுங்கள், திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 4. படம், காணொளி. எடுத்த போனிலேயே அசல் கோப்பு இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் தரம் குறையும், தேதி விவரமும் போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது அசல் கோப்பு தேவைப்படும். போனை மாற்றும் எண்ணம் இருந்தால் புகார் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

படி 5. பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். மனுக்கள் அலைக்கழிக்கப்படுவது இந்த இடத்தில்தான். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் சென்னை மாநகராட்சியின் சோழிங்கநல்லூர் மண்டலம், சென்னை மாவட்டம். பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. இரண்டுக்கும் ஆட்சியர் வேறு. கட்டடம், லிஃப்ட், ஒதுக்கீடு எல்லாம் வாரியத்தின் பொறுப்பு. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பராமரிப்பை ஏற்றிருந்தாலும், வீட்டை ஒதுக்கிய வாரியம் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

படி 6. மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும். வாங்க மறுத்தால் தபாலில் அனுப்புங்கள். 2025-இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டதால், விரைவு அஞ்சலிலேயே பதிவும் ஒப்புகையும் கேட்டுப் பெறுங்கள்.

படி 7. காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆரோடு திரும்பாதீர்கள். சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது மட்டுமே, வழக்குப் பதிவு ஆகாது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘இது எங்கள் லிமிட் இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்விசாரணையும் தேவையில்லை. மறுத்தால் அதே புகாரைத் தபாலில் உயரதிகாரிக்கு அனுப்புங்கள். பெரும்பாக்கம் காவல் நிலையம் என்றால் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்துக்குப் போக வேண்டும். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

படி 8. கெடு வைத்துப் பின்தொடருங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் இருக்கிறது’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

மனு எழுதும் விதம்

ஒரே சம்பவத்தைச் சொல்லும் இரண்டு மனுக்களைப் பாருங்கள். விவரங்கள் கற்பனை.

தவறான வடிவம்: ‘ஐயா, எங்கள் பிளாக்கில் லிஃப்ட் அடிக்கடி பழுதாகிறது. முதியோரும் நோயாளிகளும் மிகவும் சிரமப்படுகிறார்கள். தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

சரியான வடிவம்: ‘எனக்கு 80 சதவீதக் கால் ஊனம் உள்ளது. எனக்கு 6-ஆவது தளத்தில் வீடு ஒதுக்கப்பட்டுள்ளது. மார்ச் 3 முதல் 21 வரை லிஃப்ட் இயங்கவில்லை. அந்த நாள்களில் இருமுறை மருத்துவமனைக்குப் போக முடியவில்லை (சீட்டு நகல் இணைப்பு 2). தரைத்தள வீடு கேட்டு ஜனவரி 10 அன்று கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லை (ஒப்புகை நகல் இணைப்பு 3). இது 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாயமான வசதியை மறுக்கும் செயல். 15 நாளுக்குள் தரைத்தள வீடு ஒதுக்கி எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன்.’

முதல் மனுவை எழுதினால் மெக்கானிக் வருவார். இரண்டாவது மனு வந்தால் அதிகாரி கோப்பைத் திறந்து எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். யார், யாருக்கு, எப்போது, எங்கே, எந்த உரிமை, என்ன வேண்டும் என்ற ஆறும் இருந்தால் மனு முழுமை.

எந்த அலுவலகத்துக்குப் போவது?

- வாரியத் தலைமையகம்: எண் 5, காமராஜர் சாலை, சென்னை 5. ஒதுக்கீடு, தள மாற்றம், பூட்டிய வீடு. பகுதி அலுவலகத்தில் மனு கொடுத்த பிறகு இங்கே.
- மாவட்ட ஆட்சியர்: திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். வன்கொடுமை வழக்கில் நிவாரணத் தொகை கேட்பதும் மாவட்ட நிர்வாகத்திடம்தான்.
- மாநில மனித உரிமைகள் ஆணையம்: பி.எஸ்.குமாரசாமி ராஜா சாலை, சென்னை 28. அரசு ஊழியர் மீதான புகார். கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், வக்கீல் தேவையில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது.
- மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம்: 2021-இல் அமைக்கப்பட்டது. காவல்துறை வழக்குப் பதியாவிட்டாலோ இழுத்தடித்தாலோ இங்கே.
- மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்: 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் எல்லாப் புகார்களும்.
- சட்டப் பணிகள் ஆணைக்குழு: எண் 15100. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல்.

பொதுவாகச் செய்யும் தவறுகள்

1. மாநில ஆணையத்துக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது. ஓர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதை மற்றொன்று விசாரிக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
2. பத்துப் பிரச்சினையை ஒரே மனுவில் திணிப்பது. தண்ணீருக்கு ஒன்று, சாதித் திட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுங்கள்.
3. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுப்பது. கட்சிக்காரர், புரோக்கர், தெரிந்தவர் யாராக இருந்தாலும் கூடாது.
4. ‘சமாதானமாகப் போய்விட்டோம்’ என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொடுப்பது. பிறகு அதே ஆள் மீது கொடுக்கும் புகாரை அந்தத் தாளே பலவீனமாக்கிவிடும்.
5. வாடகைக்கோ உள்குத்தகைக்கோ இருந்துகொண்டு, ஒதுக்கீடு பெற்றவர் என்று மனுவில் எழுதுவது. உண்மை நிலையை எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவரையும் சாதி சொல்லித் திட்டக் கூடாது, அடித்துத் துரத்தக் கூடாது.
6. கோபத்தில் இல்லாததைச் சேர்ப்பது. ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மையும் அதோடு போகும்.

பாதுகாப்பு

- அதிகாரியைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். இருவராவது போங்கள், ஒருவர் பேச மற்றவர் குறிப்பெடுக்கட்டும்.
- காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு வரச் சொன்னால் எழுத்தில் சம்மன் கேளுங்கள். சாட்சி சொல்லப் பெண்களையும், 15 வயதுக்குட்பட்டவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும் வீட்டைவிட்டு வேறிடத்துக்கு வரச் சொல்லி வற்புறுத்த முடியாது.
- மிரட்டல் வந்தால் அதைத் தனிப் புகாராகக் கொடுங்கள். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமையைச் சட்டமே தருகிறது.
- சிறுவர், பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் ஆகியோரின் பெயரையோ படத்தையோ குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நியாயம் கேட்கும் எண்ணத்தில் போட்டாலும் அது குற்றம்.
- ஆவணக் கட்டின் ஒரு பிரதியை வேறு பிளாக்கில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள்.
- வீட்டைக் காலி செய்ய வரும்போது கைகலப்பு வேண்டாம். ஆணையின் நகலைக் கேளுங்கள், வந்தவரின் பெயரையும் பதவியையும் குறியுங்கள், வீட்டுப் பொருள்களைப் படம் எடுங்கள். கைகலப்பு என்று வந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

மீறல் நடந்த பிறகு ஆவணம் தேடி ஓடுபவர்களின் புகார் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பீரோவைத் திறந்து ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்று நகல் எடுத்துவையுங்கள். இல்லையென்றால் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டுமுன், சான்றிட்ட நகல் கேட்டு வாரியத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். ஒப்புகையில் முத்திரை வாங்க மறக்காதீர்கள்.